பரோல் விசாரணை சேரிக்கு வருமா?



1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. கொலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தண்டனைக்குப் பிறகு நடந்ததைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை அது நிலைத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை, எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி, அரசு முன்விடுதலை செய்தது.

முன்விடுதலையாவது செய்தித்தாளில் வந்துவிடுகிறது. பரோல் வருவதில்லை. நம் மாநிலத்தில் விதிகள் அதை 'விடுப்பு' என்கின்றன: சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு. 1982ஆம் ஆண்டு விதிகளின்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கிச் சிறை அதிகாரிகளே முடிவெடுக்கிறார்கள். கைதி வெளியே வந்தால் ஊரில் பிரச்சினை வருமா என்பதுதான் விசாரணையின் முக்கியக் கேள்வி. அந்த 'ஊர்' எது? கைதியின் வீடு இருக்கும் தெருவில் விசாரித்தால் 'ஒரு பிரச்சினையும் இல்லை சார், தங்கமான பையன்' என்றுதான் சொல்வார்கள். அந்தத் தெருவுக்கு அது உண்மையும்கூட. அரை கிலோமீட்டர் தள்ளி, சாட்சி சொன்ன பெண் அவர்கள் வயலில்தான் நடவுக்குப் போகிறாள். அவளுக்கு விஷயம் தெரியவருவது பொழுது சாய்ந்து டீக்கடை வாசலில் அவனைப் பார்க்கும்போதுதான். அதன் பிறகு அவள் எந்த வழியாக வேலைக்குப் போவாள், மகளை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவாள் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

சட்டம் ஒன்றும் சொல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை, விடுதலை, பரோல் தொடர்பான நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் தம் தரப்பைச் சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. 'பரோல்' என்ற சொல்லே அதில் இருக்கிறது. மாணவர்கள் ஐந்தாம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். முன்னறிவிப்பும் கருத்துக் கேட்பும் கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது பிணை வழக்கு. முன்னறிவிப்பு தரச் சொல்லும் மூன்றாம் உட்பிரிவு 'நீதிமன்ற நடவடிக்கை' என்கிறது. பரோலோ சிறை அலுவலகக் கோப்பில் முடிகிறது. சொல்ல உரிமை உண்டு, எப்போது சொல்வது என்று தெரிவிக்க ஆளில்லை. கொலைக்கு மட்டும் தண்டனை கொடுத்து வன்கொடுமைப் பிரிவுகளிலிருந்து விடுவிக்கும் தீர்ப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 15ஏ உங்களுக்குப் பொருந்தாது என்று எளிதாகக் கைவிரித்துவிடலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பரோலுக்கு எதிரானவர்கள் அல்லர். இந்திய மக்கள்தொகையில் 16.6 சதவீதமான பட்டியல் சாதியினர் தண்டனைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராக இருக்கிறார்கள். தாயின் சாவுக்குக்கூட விடுப்புக் கிடைக்காமல் தவிப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. பரோலின் கதவை அடைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது நாம்தான். நாங்கள் கேட்பது தடை அதிகாரம் அல்ல. முடிவெடுக்கும் முன் ஒரு கடிதம், விசாரணை அலுவலர் சேரிக்கும் வருவது, விடுப்பு கிடைத்தால் தேதிகளைச் சொல்வது, அந்த நாட்களில் அவன் எங்கே தங்கலாம், எங்கே வரக்கூடாது என்ற நிபந்தனை. கோரிக்கை இவ்வளவுதான்.

அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிந்தது என்று நாம் கலைந்துவிடுகிறோம். குடும்பம் தனியாக நிற்பது அன்றிலிருந்துதான். தீர்ப்பு வந்த வாரமே சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள்: 'இந்தக் கைதியின் விடுப்பு, முன்விடுதலை எதுவானாலும் எங்களுக்குத் தெரிவித்து, எங்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.' குடும்பம் எழுத முடியாவிட்டால் தொண்டு அமைப்போ வழக்கறிஞரோ துணை நிற்கப் பன்னிரண்டாம் உட்பிரிவு இடம் தருகிறது. அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். வெளியே வந்தவன் மிரட்டினால், அந்தப் புகாரைப் பதிவுசெய்வது காவல் நிலையத்தின் சட்டக் கடமை. மனுவின் மாதிரி நகல் வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.