மருந்தும் சொல்லும்



நம் வீட்டு வாசல்களில் இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் ஆண்டு முழுவதும் பூக்கும் செடி ஒன்றை நீங்கள் அறிவீர்கள். மலாய் மொழியில் அதனைக் கெமுந்திங் சீனா என்பர். தமிழில் நித்தியகல்யாணி என்பது ஒரு பெயர். சுடுகாட்டு மல்லி என்பது மற்றொரு பெயர். மங்கலமும் மரணமும் ஒரே செடிக்குப் பெயர்களாயின. அச்செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் என்னும் ஊசி மருந்தின் இயல்பும் அத்தகையதே.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலையை ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்து வந்தனர். 1950களில் கனடாவில் இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்தனர். சர்க்கரையைக் குறைக்கும் பொருளைத் தேடிய அவர்கள், எலிகளின் குருதியில் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டனர். அவ்வழியே வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டினை அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். 1963இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, குழந்தைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளுடன் சேர்த்து இன்றும் அளிக்கப்படுகிறது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு அதனுள் நுண்குழல்கள் உருவாக வேண்டும். வின்கிறிஸ்டின் அவற்றை உருவாக விடுவதில்லை. பிரிய இயலாத புற்றணு மடிகிறது. ஆயின், நம் நரம்புகளுக்கும் அந்நுண்குழல்கள் தேவை. எனவே இம்மருந்து நரம்பையும் தாக்கும். சிரைவழியாக மட்டுமே இதனைச் செலுத்த வேண்டும். தண்டுவட நீரில் செலுத்தினால் உயிரையே பறித்துவிடும்.

2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் அவ்வாறே நேர்ந்தது. சிரைவழி செலுத்த வேண்டிய இம்மருந்து, குருதிப் புற்றுநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த 18 வயது இளைஞருக்குத் தண்டுவடத்தில் செலுத்தப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். பிற நாடுகளிலும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்துள்ளன. ஆகவே 2007இல் உலகச் சுகாதார நிறுவனம், இம்மருந்தை ஊசிக்குழலில் வைக்காமல் சிறு பையில் நீர்த்துத் தருமாறு அறிவுறுத்தியது. பையைக் கண்டவர் அதனைத் தண்டுவட ஊசி என்று மயங்கமாட்டார் அல்லவா?

கற்றறிந்த மருத்துவர்களிடையேயே பிழை நேருமாயின், நம் இல்லங்களில் நிலை என்ன? 'ஊசி போட்டார்கள்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். சிரையிலா, தசையிலா, தண்டுவடத்திலா என்று கேட்பதில்லை. கேட்பதற்குரிய சொற்களையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. 'விரல் நுனி மரத்துப் போகுதய்யா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு' என்கிறார் பாட்டி. பேரன் அதனைக் 'களைப்பாக இருக்கிறதாம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறான். பாட்டி சொன்னது நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறி. அதனைச் சரியாகக் கேட்டிருந்தால் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியிருக்கக்கூடும். மரத்தல், குத்தல், எரிச்சல், கடுப்பு, குடைச்சல் என நோவின் நுட்பங்களை உணர்த்தத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை அறிவதும் மொழிப்பாடமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இலையில் இம்மருந்து மிகச் சிறிதளவே உண்டு. உடன் நச்சுப் பொருள்களும் உண்டு. ஆகவே நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது புற்றுநோய்க்கு மருந்தாகாது. 'மூலிகை' என்ற சொல்லே 'தீங்கற்றது' என்று பொருள்படாது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். இந்நான்கையும் பிணைப்பது சொல்லே. ஆசிரியர்களே, வகுப்பறையில் ஒருநாள் மருந்துறை ஒன்றை எடுத்துவந்து, அதிலுள்ளதைத் தமிழில் சொல்லுமாறு மாணவர்களைப் பணியுங்கள். மாணவர்களே, உங்கள் பாட்டி சொல்வதை முழுமையாகக் கேட்டு, சுருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பயிற்சி என்றேனும் ஓர் உயிரைக் காக்கும்.