எந்திரத்தின் முன் யாரை நிறுத்துகிறார்கள்?
செயற்கை நுண்ணறிவும் நம் மக்களின் வேலையும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். 1907இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது அச்சு எந்திரம் இந்த நாட்டுக்குப் புதியதல்ல. அது யார் கையில் இருந்தது என்பதுதான் சிக்கலாக இருந்தது. 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைக் கொண்டுவந்துவிட்டார். நம் முன்னோர் எந்திரத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கவில்லை. செயற்கை நுண்ணறிவு வேலைகளை என்ன செய்யும் என்று எல்லோரும் பேசுகிற இன்று, நாம் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாடும் அதுவே. காந்தியும் காங்கிரசும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று விசாரித்து 1945இல் வெளியிட்ட நூலில், எந்திரத்தைப் பழிப்பதை அவர் மறுக்கிறார். உடலுழைப்பே வாழ்வாகிப்போன மனிதனுக்கு ஓய்வைத் தரக்கூடியது எந்திரம். அதன் பலனைச் சிலரே எடுத்துக்கொண்டால் மாற்ற வேண்டியது சமூக அமைப்பை என்பது அவருடைய வாதம். நமக்கு எந்திரத்தோடு பகையில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது: எந்த எந்திரத்தின் முன் யாரை நிறுத்துகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவை மற்றவர்கள் தொட மாட்டார்கள் என்பது காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் எழுப்பினார். ஆலைக்குள் நவீன எந்திரம் இருந்தது; அதை யார் தொடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது.

கோலார் தங்கவயலையும் நினைத்துப் பார்ப்போம். பண்டிதரின் இதழுக்கு நெருக்கமான வாசகர்கள் இருந்த ஊர் அது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம் மக்கள், காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன அந்தச் சுரங்கங்களில் இறங்கிப் பொன் எடுத்தார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களின் பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நாட்டின் நவீனத் தொழிலுக்கு முதலில் உடலைக் கொடுத்தவர்கள், அது முடிந்தபோது கைவிடப்பட்டார்கள்.

இனி இன்றைக்கு வருவோம். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமைக்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. குழிக்குள் இறங்கும் ‘பாண்டிகூட்’ என்ற எந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்து, 2018இல் அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. அப்படியானால் மனிதரை இறக்குவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

ஆனால் பல நகரங்களில் தூய்மைப் பணியாளர்களைத் தேடி முதலில் வந்த நவீனக் கருவி வேறு. நாக்பூரிலும் சண்டிகரிலும் அவர்கள் கையில் ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டப்பட்டது. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அது மேலிடத்துக்குச் சொல்லும். 1956இல் அண்ணல் பௌத்தம் தழுவிய நகரம் நாக்பூர் என்பதை நாம் மறக்க முடியாது. உயிரைக் காக்கும் எந்திரத்துக்கு நிதியில்லை என்பவர்களுக்குக் கண்காணிக்கும் எந்திரத்துக்கு நிதி கிடைக்கிறது.

அடுத்தது அலுவலக வேலை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, இடஒதுக்கீட்டில் எழுத்தராகச் சேர்ந்த தலைமுறைதான் நம் குடும்பங்களைப் பள்ளிக்கு அனுப்பியது. அவர்களின் பிள்ளைகள் இன்று கணினி நிறுவனங்களின் வாசலில் நிற்கிறார்கள். தரவு உள்ளீடு, மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் சேவை ஆகியவை அவர்கள் கால் வைத்த முதல் படிகள். செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைப்பதும் இந்தப் படிகளில்தான். மாமா, சித்தப்பா என்று உள்ளே ஆள் இருப்பவருக்கு வேறு வழி கிடைக்கும். வீட்டின் முதல் பட்டதாரிக்கு அந்தப் படி ஒன்றே வழி.

மூன்றாவது, ஆள் எடுக்கும் முறை. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்று 2007இல் எழுதினார்கள். அது மனிதர் செய்த கழிவு. அந்த மனிதரின் பழைய முடிவுகளைப் படித்தே எந்திரம் தேர்வு செய்யக் கற்றுக்கொள்கிறது. அமேசான் நிறுவனம் உருவாக்கிய கருவி, ஆண்களே மிகுந்த பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பெண்களின் மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்பார்கள். படித்த பள்ளி, தங்கிய விடுதி, பிறந்த தெரு எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கின்றன. சாதியைக் கண்டுபிடிக்க எந்திரத்துக்கு அவை போதும். அதிகாரி ஒதுக்கினால் கேள்வி கேட்கலாம். கணினி ஒதுக்கினால் யாரிடம் முறையிடுவது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். குழிக்குள் எந்திரம் இறங்கட்டும். அதை இயக்கும் நிரந்தர வேலை, நேற்றுவரை குழியில் இறங்கியவருக்கே வேண்டும். எந்திரத்தின் உடைமையிலும் பங்கு வேண்டும். ஐதராபாத்தில் 2017இல் சாக்கடைக் குழாய் அடைப்பு நீக்கும் சிறு வண்டிகள் தலித் தொழில்முனைவோருக்கு வழங்கப்பட்டன, அது நடக்கக்கூடியதே. ஆள் எடுக்கும் கருவிகளைச் சாதி வாரியாகத் தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் கேட்கும் உரிமை வேண்டும். இவை பலிக்க, தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பழைய கோரிக்கையை இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

இலக்கிய அமைப்பாக நமக்கென்று ஒரு வேலையும் இருக்கிறது. இந்த எந்திரங்கள் எழுதப்பட்டதைப் படித்தே பேசுகின்றன. எழுதப்பட்ட தமிழில் நம்மை இழிவுபடுத்தும் பழமொழிகள் ஏராளம். நம் உழைப்பின் சொற்களோ மிகக் குறைவு. பறை கட்டுபவர், தோல் பதனிடுபவர், நாற்று நடுபவர், குப்பை வண்டி தள்ளுபவர் ஆகியோரின் வேலையறிவை அவர்கள் சொற்களிலேயே, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு பதிவு செய்வோம். அச்சு எந்திரத்தைக் கொண்டு பண்டிதர் செய்ததும் இதுவே. இந்த ஆண்டே அந்த வேலையைத் தொடங்குவோம்.