சர்க்கரை வியாதியும் உள்ளே புகையும் தணலும்

(சித்தூர், திருப்பதி அங்கத்தினர்கள் திருப்பதியில் கூடியபோது ஆற்றிய உரை)

 

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, சித்தூர் ஜில்லாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, 2008-ல் ரிடையர் ஆனவன். 22 வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரன்.

வெகுநாள் வரை, காபிக்குச் சர்க்கரை போடாததே பத்தியம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தரம் சாதம். ராத்திரி மறுபடி தயிர் சாதம். மூன்று வருஷம் முன்பு கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்தது. இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. விரலையே எடுக்க நேரலாம் என்றார் டாக்டர். பகவத் கிருபையால் விரல் தப்பியது. புண் முழுதும் ஆறிய பிறகு ஸி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அப்போதும் அது 4-க்கு மேல் இருந்தது. 1-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 3-க்கு மேல் போனால் இருதயத்துக்கு ஆபத்து அதிகம்.

அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதற்கு அழற்சி என்று பெயர். அது உடம்பின் காவல். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். சர்க்கரை வியாதியிலோ அது குமுட்டி அடுப்பில் சாம்பலுக்கடியில் கிடக்கும் தணல் மாதிரி கனன்றுகொண்டே இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவில் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் முதலிய விஞ்ஞானிகள், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து அழற்சிப் பொருள் ஒன்று சுரந்து இன்ஸுலினைத் தடுப்பதைக் கண்டார்கள். நம் தொந்திக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். தணல் இன்ஸுலினைத் தடுக்கிறது; அதனால் ஏறும் சர்க்கரை தணலை ஊதிவிடுகிறது.

இதில் சாப்பாட்டின் பங்கு என்ன? நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது 2025-ல் வெளியான ஐ.ஸி.எம்.ஆர். ஆய்வு. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் எடை கூடிய 166 பேருக்கு வாரத்தில் ஆறு நாள் இரண்டு வேளை, மூன்று மாதம் தீட்டாத புழுங்கலரிசியும் மூன்று மாதம் வெள்ளை அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் சர்க்கரை இறங்கிவிடவில்லை. தொந்தி, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சற்றுக் குறைந்தது. ஸி.ஆர்.பி. ஏற்றமும் வெள்ளை அரிசியைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே அரிசியை மாற்றினால் மட்டும் போதாது. அளவும் குறைய வேண்டும்.

நான் செய்தது இதுதான். இலையில் முதலில் கறி, கூட்டு, சுண்டல். பிறகுதான் சாதம், அதுவும் ஒரு சின்னக் கிண்ணம். நம் ஊர் ராகி சங்கடி நல்லதுதான். ஆனால் மாவு நைஸானால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். ஆகவே அதற்கும் அளவு உண்டு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தொடுவதில்லை. மாம்பழக் காலத்தில் இரண்டு துண்டு, அன்று சாதம் பாதி. திருமலை லட்டை கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விள்ளல். மீதியைப் பகிர்ந்துகொள்வதே புண்ணியம்.

ஒரு வருஷத்தில் ஆறு கிலோ குறைந்தேன். ஸி.ஆர்.பி. 1.8 ஆயிற்று. சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். நடையும் மருந்தும் உண்டு. ஜலதோஷமோ, ஈறில் சீழோ இருந்தாலும் இந்த எண் ஏறும். ஆகவே ஒரு பரிசோதனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பல்லைக் கவனியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மஞ்சளும் வெந்தயமும் மாத்திரைக்குப் பதில் ஆகாது. இன்ஸுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏகாதசி உபவாசம் இருக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் விசேஷங்களில் போதும் என்று கையை மறைப்பவரிடம், "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோங்கோ மாமா" என்று வற்புறுத்தாதீர்கள். கறியை இன்னொரு கரண்டி போடுங்கள். அவர் விரல் பிழைக்கும்.

எல்லோரும் க்ஷேமமாக இருக்க வேங்கடாசலபதியைப் பிரார்த்திக்கிறேன்.