'பரவாயில்லை' என்னும் பதில்



என் பயிற்சிக் காலத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஓர் அம்மா ஏழு வாரம் என்னிடம் கவுன்சலிங்குக்கு வந்தார். எட்டாவது வாரம், "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். பதிவேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அதன் பிறகு அவர் வரவில்லை. அவரோடு துணைக்கு வந்துகொண்டிருந்த தங்கையைப் பின்னர் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அக்காவுக்கு ஒரு நாளும் சரியான தூக்கம் இல்லை. "அந்தத் தம்பி அவ்வளவு பொறுமையா பேசுது, அது முகத்தைப் பார்த்து இல்லைன்னு எப்படிச் சொல்றது" என்றாராம்.

சாப்பாடு எப்படி என்றால் பரவாயில்லை என்கிறோம். காலை மிதித்தவரிடமும் பரவாயில்லை, கடனைத் திருப்பித் தராதவரிடமும் பரவாயில்லை. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக நாம் வைத்திருக்கும் சொல் அது. அதை ஓர் அளவாக எடுத்துக்கொண்டது என் பிழை.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குணம் அன்று. கனடாவில் டேவிட் ரென்னி என்ற உளவியலாளர், சிகிச்சை உரையாடலைப் பதிவு செய்து, சிகிச்சைக்கு வந்தவருக்கே போட்டுக் காட்டி, அந்தந்த இடத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டார். சிகிச்சையாளர் சொன்னது பிடிக்காத இடத்திலும், அவர் மேலுள்ள மரியாதையால் வாய் திறக்காமல் இருந்ததைப் பலர் ஒப்புக்கொண்டார்கள். 1994இல் வெளிவந்தது அந்தக் கட்டுரை. இப்படிப் பேசவிட்டுக் கேட்கும் பண்புசார் ஆய்வு இல்லாமல் இந்த மௌனம் வெளியே வந்திருக்காது. வழக்கமான வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

வினாத்தாளை நான் இகழவில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் நல்லது. எத்தனை பேருக்குக் குறைந்தது என்று அது சொல்லும், அதுவும் சில நிமிடங்களில். எதனால் குறைந்தது என்ற கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, கற்பனைதான். கணவர் குடிக்கிறார். கார்த்திகை மாதம் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து மனநல ஆலோசகரைப் பார்க்கிறார். மதிப்பெண் 16. மாசி வரை ஆறு முறை வருகிறார். கடைசியில் 7. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அறிக்கையில் இது வெற்றி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. தை பிறந்தால் பாத்தி சீர்செய்யக் கூப்பிடுவார்கள். கையில் காசு வரும், உடல் களைக்கும், தூக்கம் வரும். கவுன்சலிங்குக்கே வராமல் இருந்திருந்தாலும் அந்த 16 இறங்கியிருக்கலாமே? உளச்சிகிச்சை பெறாத நியூரோசிஸ் நோயாளிகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தேறிவிடுகிறார்கள் என்று 1952இல் உளவியலாளர் ஐசெங்க் எழுப்பிய வாதமும் இந்த இடத்தைத்தான் தொட்டது.

இங்கேதான் உளவியலாளர் ராபர்ட் எலியட் வகுத்த 'மாற்ற நேர்காணல்' கைகொடுக்கிறது. சிகிச்சை அளித்தவர் அல்லாத வேறொருவர் நிதானமாக உட்கார்ந்து கேட்கிறார். என்னென்ன மாறியிருக்கிறது? இது நீங்கள் எதிர்பார்த்ததா? இங்கே வராமலேயே மாறியிருக்குமா? எதனால் மாறியது என்று நினைக்கிறீர்கள்? எது உதவவில்லை, எது கிடைக்கவில்லை? 2002இல் அவர் இதை மேலும் கூர்மையாக்கினார். ஒரே ஒருவருடைய கதையை எடுத்துக்கொண்டு, சிகிச்சையால்தான் மாற்றம் என்ற கட்சிக்கும் இல்லை என்ற கட்சிக்கும் சான்று திரட்டி வழக்காடச் சொன்னார்.

நம் உப்பளப் பெண் இப்படிச் சொல்லக்கூடும்: "தூக்கம் வேலையால வந்துதுங்க. ஆனா அவரு குடிச்சிட்டு வர்ற அன்னிக்குப் புள்ளைங்கள அழைச்சிக்கிட்டு முன்கூட்டியே அக்கா வூட்டுக்குப் போயிடறேன். அது இங்க பேசி முடிவு பண்ணதுதான்." முதல் வாக்கியம் எதிர்க்கட்சிக்கு, இரண்டாவது சிகிச்சைக்கு. 7 என்ற எண்ணுக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. அடுத்த ஐப்பசியில் மதிப்பெண் மறுபடி ஏறினாலும் அந்த அக்கா வீட்டு முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கணக்கில் அதுதான் பலன்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு உண்டு. 2000ஆம் ஆண்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கி வழிபட்ட 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அச்சாயிற்று. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சடங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பூசை, கோயில் வேலை, திட்டாத ஓர் இடம். எண்ணோடு நின்றிருந்தால் சாமியா மாத்திரையா என்ற பழைய சண்டைக்குத் தீனி போட்டிருக்கும். அங்கிருந்தவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசியதால், அடைக்கலமும் பரிவும் உள்ள இடம் என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குப் போய்வந்து மறுநாள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மருந்துச் சீட்டு நீட்டுகிறவர்கள் நம் விழுப்புரம் மாவட்டத்தில் உண்டு. எதனால் தேறினீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில் அம்மனும் இருப்பாள், ஆலோசகரும் இருப்பார். அம்மனை அடித்துவிட்டு எழுதுகிற அறிக்கை பாதி அறிக்கை.

அளவுகோலே பேச்சிலிருந்து பிறக்கலாம். ஜிம்பாப்வேயில் மனவேதனையைக் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். 1990களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் உடனிருந்தவர்களும் அத்தகைய ஷோனா மொழிச் சொற்களைக் கேட்டுத் தொகுத்து ஒரு வினாத்தாள் ஆக்கினார்கள். பின்னாளில் அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி பெற்ற பாட்டிமாரை மரத்தடிப் பெஞ்சில் உட்காரவைத்து நடத்திய 'நட்புப் பெஞ்ச்' திட்டத்தின் பலனை அளந்ததும் அந்தத் தாளைக் கொண்டுதான். "ஒரே யோசனையா இருக்குதுங்க" என்பது நம் ஊர் வாக்கியமும்தான். "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னுது" ஆகியவற்றையும் சேர்த்து நம் தாள் ஏன் எழுதப்படக் கூடாது?

இப்படி உட்கார்ந்து பேசிக் கேட்பதில் உள்ள தடைகள் எனக்குத் தெரியும். புறநோயாளி வரிசையில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் என்ன பேசுவாள்? பதிவு செய்யலாமா என்று செல்பேசியை எடுத்தாலே பலர் ஒடுங்கிப்போகிறார்கள். கேட்பவரின் சாதியும் பாலினமும் பதிலை மாற்றும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு நாள் போகும். ஆகையால் எல்லோரையும் கேட்கச் சொல்லவில்லை. நூறு பேருக்குத் தாள் கொடுங்கள். அதில் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நடுவில் நின்றுவிட்டவர்கள் அந்தப் பத்தில் கட்டாயம் இருக்கட்டும். இந்த வட்டாரப் பேச்சு காதில் ஊறிய மாணவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பழக்கலாம்.

கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழக்க வேண்டும். "எப்படி இருக்கு?" வேண்டாம். "இங்க வர்றதுக்கு முன்னாடி செய்ய முடியாம இருந்து, இப்ப செய்யறது எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேனாவை மூடிவைத்துக்கொண்டு காத்திருங்கள்.