திட்டமிடாத அறுவைக்கும் திட்டம் வேண்டும்



பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் வீட்டில் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவது அபசகுனமாகக் கருதப்படுகிறது. ‘நல்ல வார்த்தை சொல்லுங்கள்’ என்று பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகின்றனர். பேசாமல் விட்டதனால் அறுவை வராமல் போவதில்லை. கணவர் வேலைத்தளத்திலும், தாய்வீட்டார் ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கும் ஒரு நள்ளிரவில் அது வந்து நிற்கலாம். வலி கண்டு பல மணி நேரமாகியும் பிரசவம் முன்னேறவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்கிறார் மருத்துவர். ஒரு படிவம் நீட்டப்படுகிறது. ரத்தம் கேட்கப்படுகிறது. தனியார் மருத்துவமனையாயின் முன்பணமும் கேட்கப்படுகிறது. இத்தனைக்கும் சில நிமிடங்களில் விடை சொல்ல வேண்டியவர் வலியில் துடிக்கும் ஒரு பெண். அந்த விடைகளைப் பல வாரங்களுக்கு முன்பே தேடிவைப்பது எப்படி, அதில் இயக்கத் தோழர்களின் பங்கு என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

சிசேரியன் இருவகைப்படும். நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருத்தல், குழந்தை குறுக்கே கிடத்தல் போன்றவை முன்னரே தெரிந்து நாள் குறித்துச் செய்யப்படுவது ஒருவகை. பிரசவ வலி தொடங்கிய பின்னரோ, திடீர் ஆபத்தினாலோ செய்யப்படுவது மற்றொரு வகை. தொப்புள்கொடி முன்னே நழுவி வெளிவருதல், நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் பெருகுதல், உயர் ரத்த அழுத்தத்தால் வலிப்பு காணுதல், குழந்தை இறங்க வழியின்றித் தடைப்படுதல் ஆகியவை நல்ல உடல்நலத்துடன் ஒன்பது மாதமும் உழைத்த பெண்ணுக்கும் நேரக்கூடும். அது அவருடைய குறையன்று. ‘தைரியம் போதவில்லை’, ‘வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்’ என்ற ஏச்சுக்கு மருத்துவத்தில் இடமில்லை.

இந்தியாவில் இந்த அறுவைக்கு இரண்டு முகங்கள் உண்டு. 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் நூறு பிரசவங்களில் 21.5 அறுவை மூலம் நடந்தன. அரசு மருத்துவமனைகளில் இது 14.3 சதவீதம், தனியாரில் 47.4 சதவீதம். மேற்கு வங்கத்திலும் தெலுங்கானாவிலும் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 80 சதவீதத்திற்கு மேல் அறுவையே. பீகாரின் அரசு மருத்துவமனைகளிலோ 3.6 சதவீதம் மட்டுமே. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டி உயர்வதனால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. ஆகவே பணம் உள்ள இடத்தில் தேவையற்ற கத்தியும், பணம் இல்லாத இடத்தில் தேவையான கத்தி கிடைக்காமையும் ஒரே நாட்டில் நிலவுகின்றன. 2021-22ஆம் ஆண்டின் கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரப்படி, சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான மகப்பேறு மருத்துவர்களில் 74.2 சதவீதம் பேர் பற்றாக்குறை. மருத்துவரை நியமிக்காத கொள்கையே கர்ப்பிணியைத் தனியாரின் வாசலுக்குத் தள்ளுகிறது.

தாய்மார் மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சுட்டுகின்றனர்: முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனை சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஆயத்தம் என்பது இம்மூன்றையும் முன்கூட்டியே குறைப்பதாகும். ஏழாம் மாதத்திலேயே அது தொடங்க வேண்டும்.

முதலாவது, இடம். பதிவு செய்துள்ள மருத்துவமனையில் இரவிலும் அறுவை நடக்குமா, மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, ரத்தச் சேமிப்பு உண்டா என்று கேட்டறிய வேண்டும். இல்லையெனில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அது எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தனியாரிடம் செல்பவர்கள், எந்தெந்தக் காரணங்களுக்காக அறுவை செய்யப்படும் என்பதைப் பரிசோதனைக்குச் செல்லும் நாட்களிலேயே பேசித் தெளிவது நலம். ‘கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது’ என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது என்பதை அப்போது கேட்டுப் புரிந்துகொள்ளலாம். குழந்தை ஆபத்தில் இருக்கும் நிமிடம் வாதத்துக்குரிய நேரமன்று.

இரண்டாவது, ரத்தம். ஐந்தாவது ஆய்வின்படி இந்தியாவின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் ரத்தசோகை உடையவர்கள். அறுவையில் இழக்கும் ரத்தத்தை அத்தகைய உடல் தாங்குவது கடினம். இரும்புச்சத்து மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்வதும் அறுவைக்கான ஆயத்தமே. ரத்த வகையை அட்டையில் குறித்து, அதே வகையினர் இருவரிடமாவது முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது, பணமும் உரிமையும். 2011 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்படப் பிரசவம் முற்றிலும் இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் கட்டணமில்லை. சிசேரியன் ஆனவர்க்கு ஏழு நாள் வரை உணவும் உண்டு. இதை அறியாததாலேயே பல குடும்பங்கள் வெளிக்கடைச் சீட்டுக்கும் ‘அன்பளிப்புக்கும்’ நகையை அடகு வைக்கின்றன.

நான்காவது, படிவம். மும்பையிலோ சூரத்திலோ வேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்ணும், திருப்பூருக்கு வந்த ஒடியப் பெண்ணும் படிக்க இயலாத மொழியில் கையெழுத்திடுகின்றனர். அறுவைக்கான ஒப்புதல் வேறு. கருத்தடைக்கும் காப்பர்-டி பொருத்துவதற்குமான ஒப்புதல் வேறு. வயது வந்த, தெளிவுடன் உள்ள பெண்ணுக்காக வேறொருவர் ஒப்புதல் தர இயலாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல், உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, மற்றொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: எதற்காக அறுவை, செய்யாவிட்டால் என்ன ஆகும், இந்தத் தாளில் வேறு எதற்கேனும் ஒப்புதல் சேர்ந்துள்ளதா? பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கலாம் என மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் முடிவு செய்தது. மருத்துவமனையின் மொழி அறிந்த ஒருவர் துணையாக அமைவது பெரும் பலம்.

ஐந்தாவது, அறுவைக்குப் பிந்தைய வாரங்கள். பெரும்பாலும் முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழ் மட்டுமே மரத்துப்போகிறது, தாய் விழித்திருக்கிறார், குழந்தைக்கு விரைவில் பாலூட்ட முடியும். ஆனால் வயிற்றில் பல அடுக்குத் தையல் உண்டு. ஏறத்தாழ ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கலாகாது. தண்ணீர்க்குடம் யார் சுமப்பது? காய்ச்சல், தையலில் சீழ், துர்நாற்றமுள்ள கசிவு, அதிக ரத்தப்போக்கு, காலில் வீக்கத்துடன் வலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வது? இவற்றையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துவது அவசியம். ஒருமுறை அறுவை என்றால் மறுமுறையும் அறுவையே என்பது கட்டாயமன்று, அதை முடிவு செய்ய அச்சீட்டு உதவும்.

இங்கேதான் வர்க்கத்தின் கோடு தெளிவாகத் தெரிகிறது. நிறுவனம் சார்ந்த பெண் ஊழியருக்கு 2017இன் திருத்தப்படி 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பேறுகால நோய்க்கு மேலும் ஒரு மாதம் சட்டம் தருகிறது. வீட்டுவேலை செய்பவரும் செங்கல் சுமப்பவரும் தையல் ஆறும் முன்பே வேலைக்குத் திரும்புகின்றனர். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கூறியது. பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் எனச் சுருக்கியது. இரண்டாவது பெண் குழந்தையாயின் மட்டுமே 6,000 ரூபாய். கட்டிடத் தொழிலாளர் நல வாரியங்களின் பேறுகால உதவிக்கும், பதிவு செய்யாதவர் உரிமை கோர இயலாது.

ஆகவே கிளைகளின் முன் எளிய பணிகள் உள்ளன. பகுதியில் ஏழாம் மாதம் எட்டிய பெண்களை ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களின் உதவியுடன் அறிந்துகொள்ளுதல். ரத்தக் கொடையாளர் பட்டியல் வைத்திருத்தல். 102, 108 வாகனம் தாமதமானால் மாற்று வாகனத்தை உறுதிசெய்தல். மொழி தெரிந்த துணையை அனுப்புதல். முதல் இரு வாரம் தண்ணீருக்கும் சமையலுக்கும் முறைவைத்தல். முறைவைக்கும்போது ஆண் தோழர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வாரியப் பதிவைக் கருவுற்றபின் தேடாமல் முன்பே முடித்தல்.

இப்பணிகள் அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. அவசர சிகிச்சை மறுக்கப்பட்ட ஒரு விவசாயத் தொழிலாளிக்காக மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில், வசதி இல்லை என்று கூறி அரசு மருத்துவமனை உயிரைக் கைவிட முடியாது. அது வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நடைமுறையாக்க, ஒவ்வொரு வட்டத்திலும் இருபத்து நான்கு மணி நேரமும் அறுவை அரங்கு இயங்க வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். தனியார் மருத்துவமனைகள் தங்கள் அறுவை விகிதத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். இக்கோரிக்கைகளை முன்வைத்துப் போராடும் அதே வேளையில், அடுத்த தெருவில் எட்டாம் மாதம் நடக்கும் பெண்ணின் அட்டையில் ரத்த வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்று மாலையே பார்த்துவரலாம், தோழர்களே.