வீடிழந்த ராஜபாளையம் நாய்க்கு உங்கள் தோட்டத்தில் இடம் உண்டா?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாட்டைப் பற்றியோ வெள்ளாட்டைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் எல்லா நாய்களையும் பற்றியல்ல, ராஜபாளையம் நாயைப் பற்றி மட்டுமே. உங்களிடம் கேட்டுப் பெற வேண்டிய உதவி ஒன்று இருப்பதால்தான் இந்தப் பேச்சு.

இந்த நாயை உங்களில் பலர் அறிவீர்கள். பால் போன்ற வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, குட்டையான மயிர், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். நன்கு வளர்ந்த நாய் தோள்வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் நிற்கும். பாளையக்காரர் காலத்திலிருந்து காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டு வந்த இனம் என்பர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற தொழில் போய்விட்டது. நாய் மட்டும் மிஞ்சியது. 2005-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நாட்டு இனங்களை வளர்க்கச் சொல்லி இந்தப் பெயரையும் குறிப்பிட்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்களுள்ளும் இது உண்டு. மற்ற இரண்டும் சிப்பிப்பாறையும் முதோலும்.

பெருமை வந்தால் கூடவே விலையும் வரும். விலை வந்தால் குட்டி போடவைத்து விற்பவர்களும் வருவார்கள். நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் ஆசைப்பட்டு இரண்டு மாதக் குட்டியை வாங்குகிறார். அது பஞ்சுப் பொதிபோல இருக்கிறது. ஒரு வயது ஆனதும் அதே குட்டி 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயாகி, காலையும் மாலையும் ஓட இடம் கேட்கிறது. வீட்டார் ஒருவரைத் தவிர யாரையும் அண்டவிடாமல் உறுமுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் முறையிடுகிறார். பிறகு ஒருநாள் விடியற்காலையில் அந்த நாய் புறவழிச் சாலையோரத்திலோ கோயில் வாசலிலோ கழுத்துப்பட்டையோடு நிற்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த பிராணியை இப்படிக் கைவிடுவது குற்றமாகும். ஆனால் விடியற்காலையில் பார்த்தவர் யார்?

இத்தகைய நாய்களை எடுத்துவந்து, உடல் தேற்றி, ஏற்ற வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். சம்பளம் யாருக்கும் இல்லை. ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் லாரி ஓட்டுநர், ஒரு அம்மாள் தையல் தொழில் செய்பவர். நான் மருந்தும் கத்தியும் பார்த்துக்கொள்கிறேன். தனிக் கொட்டகை ஏதும் கிடையாது. தொண்டர்களின் வீட்டுக் கொல்லையே கொட்டகை. ஆகவே ஒரு நேரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு நாய்களையே வைத்திருக்க முடியும். ஒரு நாய்க்கு வீடு கிடைத்தால்தான் அடுத்த நாய்க்கு இடம். ஏன் ஓர் இனத்தை மட்டும் பார்க்கிறீர்கள், தெருநாய் பாவமில்லையா என்று கேட்பதுண்டு. பாவந்தான். ஆனால் இந்த இனத்தின் குணமும் குறையும் தெரிந்தவர்களாக நாங்கள் இருப்பதால், இதையாவது சரியாகச் செய்வோம் என்று எண்ணினோம். அதிலும் ஒருமுறை தவறினோம். அதைச் சொல்லாமல் மேலே போவது முறையாகாது.

ஒரு பெண்நாய். தூய வெள்ளை, இரண்டு வயதிருக்கும், சாந்தமான சுபாவம். தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் விரும்பிக் கேட்டார். தடுப்பூசி போட்டோம், குடற்புழு நீக்கினோம், கொடுத்துவிட்டோம். பத்தாம் நாள் அவருடைய பேரப்பிள்ளை, ஐந்து வயது, தூங்கிக்கொண்டிருந்த நாயை ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். நாய் திடுக்கிட்டு விழித்துக் கையைக் கவ்விவிட்டது. வீட்டிலிருந்தவர்கள் விறகுக் கட்டையால் அடித்த அடியில் நாய்க்கு இடுப்பு முறிந்தது. பிள்ளைக்குக் காயம் ஆறிற்று, ஊசியும் முறையாகப் போட்டார்கள். நாயை நான் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகுதான் யோசித்துப் பார்த்தோம்: எங்களோடு இருந்த நாட்களில் அது கூப்பிட்டு ஒருநாளும் வந்ததில்லை, கையசைத்தால்தான் வந்தது. அது செவிட்டு நாய். சாந்தம் என்று நாங்கள் எண்ணியதில் பாதி, சத்தம் எதுவும் கேளாததால் வந்த அமைதி. பெரியவர் மீது குற்றமில்லை. பார்த்துக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த இனத்தில் செவிடு அதிகம் என்பது வளர்ப்பவர்கள் அறிந்த செய்தியே. அதன் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமி உயிரணுக்கள் உள்காதிலும் இருத்தல் வேண்டும். அங்குள்ள இரத்த ஓட்டத்தையும் திரவத்தையும் சரியாக வைத்திருக்க அவை தேவை. முழு வெள்ளையான நாய்களில் சிலவற்றுக்கு அந்த உயிரணுக்கள் காதைச் சென்று சேர்வதில்லை. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் உள்காதின் உணர்வுப் பகுதி அழிந்துவிடுகிறது. பின்னர் எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. "துளி மாசு இல்லாத வெள்ளை வேண்டும்" என்று கேட்டுக் கேட்டு, வெள்ளையோடு வெள்ளையை, அதுவும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததன் விலை இது.

சோதிப்பது எளிது. நாய் தூங்கும்போது அதன் கண்ணுக்குத் தெரியாமல், காற்று அதன் பக்கம் வீசாத திசையில் நின்று, சாவிக்கொத்தைக் குலுக்குங்கள் அல்லது விசில் ஊதுங்கள். காலால் தரையை அதிர வைக்கக் கூடாது, உங்கள் நிழலும் அதன்மேல் விழக்கூடாது. காது கேட்கும் நாய் காதையாவது அசைக்கும். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரங்களில் செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத நாயும் உண்டு. அது சத்தம் கேட்டு எழும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அந்தக் குறை வளர்ப்பவருக்குப் பெரிய தொல்லை தராது.

இரு காதும் கேளாத நாயை வளர்க்க முடியாதா? தாராளமாக வளர்க்கலாம். கைச்சாடையை அது விரைவில் கற்றுக்கொள்ளும். இரவில் டார்ச் விளக்கை இருமுறை மின்னச்செய்து அழைக்கலாம். தூங்கும்போது அருகே சென்று தரையை இலேசாகத் தட்டி, அது கண் விழித்த பிறகே தொட வேண்டும். வேலியில்லாத தோட்டத்தில் அவிழ்த்து விடக்கூடாது, வரும் வண்டி அதற்குத் தெரியாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செவிட்டு நாயை இப்போது நாங்கள் கொடுப்பதில்லை.

நாங்கள் கொடுக்கும் நாய் எல்லாம் கருத்தடை செய்யப்பட்டவை. இதைக் கேட்டதும் ஓர் உழவர் என்னை மடக்கினார். "இனம் அழிகிறது என்று ஒரு பக்கம் சொல்கிறீர்கள், மறு பக்கம் இப்படி அறுத்து விடுகிறீர்களே, இது என்ன நியாயம்?" என்றார். நியாயமான கேள்வி. உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. விதை நெல்லுக்கு நீங்கள் எந்த வயலிலிருந்து கதிர் எடுக்கிறீர்கள்? கலப்பு இல்லாத, நோய் தாக்காத பகுதியிலிருந்து அல்லவா? சாலையோரத்தில் கிடைத்த நாயின் தாயும் தந்தையும் யாருக்கும் தெரியாது. செவிடு அதன் வழியில் இருக்கிறதா என்பதும் தெரியாது. காது கேட்கும் நாயும் கேளாத குட்டியைப் போடக்கூடும். இனத்தைக் காப்பது, வம்சம் தெரிந்த, காது சோதித்த நாய்களை வைத்திருப்பவர்களின் வேலை. எங்களிடம் வருபவை வாழ்ந்து முடிக்கட்டும். கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது தவறான எண்ணம். வேற்றாள் வந்தால் குரைப்பது இதற்கு இயல்பிலேயே உள்ள குணம்.

உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் சொல்கிறேன். உங்களிடம் இடம் இருக்கிறது. வீட்டில் எப்போதும் யாரேனும் இருக்கிறார்கள். நாய் வேண்டுவது இந்த இரண்டும்தான். பகலெல்லாம் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போடுவதாக இருந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். நகரத்து மாடியும் அந்தச் சங்கிலியும் ஒன்றே. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் நான் முன்பு சொன்ன அதே சட்டத்தில் குற்றமாகும்.

ஆடும் கோழியும் வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஓடுவதைத் துரத்துவது வேட்டை நாயின் பிறவிக் குணம். கோழியைக் கண்டு அது பாய்ந்தால் அது கெட்ட நாயென்று பொருளல்ல. முதல் நாள் கயிற்றில் பிடித்து, எட்ட நிறுத்தி, கோழிகள் மேய்வதைப் பார்க்கவிடுங்கள். பாயாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் ஒரு துண்டுக் கருவாடோ முட்டையோ கொடுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் குறைக்கலாம். சில நாய் ஒரு மாதத்தில் பழகிவிடும். சில நாய் பழகவே பழகாது. ஆகையால் கொடுக்கும் முன்பே உங்கள் வீட்டுக்கு வந்து, என்னென்ன வளர்க்கிறீர்கள் என்று பார்த்து, அதற்கு ஏற்ற நாயைத்தான் கொடுக்கிறோம். வந்து பார்ப்பதைச் சிலர் அவமதிப்பாக எண்ணுகிறார்கள். பெண் கொடுக்கும் வீட்டைப் போய்ப் பார்ப்பதில்லையா?

முதல் இரண்டு வாரம் நாய் சரியாக உண்ணாமல் மூலையில் படுத்திருக்கும். அழைத்துச் சென்று எல்லோருக்கும் காட்ட வேண்டாம். ஒருவரே சோறு வைக்கட்டும், ஒரே இடத்தில் வைக்கட்டும். தோட்டத்தைச் சுற்றி கயிற்றோடு நடத்துங்கள். அவிழ்த்து விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடி வழியில் சாகும்.

தீனியில் பெரிய செலவில்லை. சோறோ கேழ்வரகுக் களியோ, அதோடு முட்டை, மீன் அல்லது இறைச்சிக் கழிவு வெந்தது. மோர்ச் சோறு மட்டும் போட்டால் மயிர் உதிரும். வெந்த கோழி எலும்பும் வெங்காயமும் ஆகாது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. குடற்புழு நீக்கம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. வெள்ளை நாயின் மூக்கும் காது நுனியும் வெயிலில் புண்ணாகும், நிழல் வேண்டும். உண்ணிக்குப் பயிர் மருந்தை ஒருபோதும் தடவாதீர்கள். முன்னர் பி.எச்.சி. தூளைத் தடவும் வழக்கம் இருந்தது. 1997-இல் அது தடை செய்யப்பட்ட பின்னும் வேறு வேறு பயிர் மருந்துகளைத் தடவி, வலிப்பு வந்த நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி ஊசியையும் கண்ணளவில் போடக்கூடாது. எடை பார்த்து கால்நடை மருத்துவரே போட வேண்டும். வயலில் எலி மருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டி வையுங்கள்.

கடி பட்டுவிட்டால், அது தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். பத்து நாள் பாதுகாப்பாகக் கட்டிவைத்துக் கவனித்தால்தான் நோய் இருந்ததா இல்லையா என்று தெரியும். ஆனால் அந்தப் பத்து நாளுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

காட்டுப்பன்றித் தொல்லைக்கு இந்த நாய் உதவுமா என்று மலையடிவாரத்து அன்பர்கள் கேட்டிருந்தார்கள். குரைத்து உங்களை எழுப்பும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பன்றியின்மேல் ஏவினால் சட்டம் ஒரு பக்கம் இருக்க, நாயின் வயிறு கிழிந்துதான் திரும்பும். அப்படிக் கிழிந்த நாய்களைத் தைத்தே நான் தையற்காரனாகிவிட்டேன்.

கடைசியாக, எடுத்துச் சென்ற நாயை எக்காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் எங்களிடமே திருப்பித் தந்துவிடுங்கள். விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோம். திருப்பித் தந்தவர்களை ஏன் என்று கோபித்ததில்லை. நாய்க்குப் பணமும் வாங்குவதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது, வேப்பமரத்தடியில் ஆசிரியர் நண்பர் ஒரு வெள்ளை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். ஆண், மூன்று வயதிருக்கும், கோழிகளோடு பழகிவிட்டது. சிறுபிள்ளை இல்லாத, வேலி உள்ள தோட்டம் வைத்திருப்பவர்கள் அவரிடம் பெயர் கொடுக்கலாம். பார்க்க விரும்புகிறவர்கள் முன்பக்கமாக, அது உங்களைப் பார்க்கும்படி போங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், அதற்குக் காது கேட்காது.