பிளைவீலை மாற்றுவதா, கடைவதா?

கிளச் தட்டை மாற்றக் கியர்ப்பெட்டியை இறக்கியதும், எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் எனப்படும் கனத்த இரும்புச் சில்லு தென்படும். அதனையும் மாற்றவேண்டுமா என்ற வினா அப்பொழுதே எழுகின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இவ்வினாவுக்கு இடமேது? மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளுக்குப் புதுச் சில்லு வந்து சேர வழியில்லை. 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடுண்ட கண்டி வீதி, போர் ஓய்ந்தபின் நிலையாகத் திறந்தது. தெரிவும் உடன் வந்தது.

விடை சில்லின் முகத்திலேயே உள்ளது. வெறும் மினுமினுப்பாயின் அரத்தாளே போதும். நகம் தட்டுப்படும் வரிப்பள்ளமாயின் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிச் சிறிதளவு சீவலாம். ஆழ்ந்த வெடிப்புக் கண்டாலோ, தயாரிப்பாளர் விதித்த தடிப்பின் எல்லைக்குக் கீழே போக நேர்ந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். வேகமாய்ச் சுழலும் இரும்பு பிளந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்ராட்டர் கொளுவும் பல்வளையம் மட்டும் தேய்ந்திருப்பின், பல வண்டிகளில் அதனைத் தனியே சூடாக்கிப் பொருத்தலாம். முழுச் சில்லையும் விற்க முனைவோர் இதனைச் சொல்வது அரிது. புதிய டீசல் வண்டிகள் பலவற்றிலுள்ள இரட்டைச் சில்லோ வேறு இனம். உள்ளே வில்லுகள் தளர்ந்து அளவுக்கு மேல் ஆடினால் கடைசலால் பயனில்லை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஆளேற்றிப் பிழைக்கும் வான் ஒன்று இடைவழியில் நின்றால், இழுவைச் செலவோடு கியர்ப்பெட்டியை மறுபடி இறக்கும் கூலியும், உழைப்பிழந்த நாள்களும் சேரும். ஆதலின் பெட்டி கீழே கிடக்கையிலேயே பின்புற எண்ணெய்ச் சீலையும் பார்த்துவிடுதல் நன்று; எண்ணெய் கசிந்தால் புதுச் சில்லிலும் கிளச் வழுக்கும்.